சொம்பின் வாய் வட்டமா?

ஓவிய வகுப்பின் முதல் நாளில், "விரும்பியதை வரையுங்கள்" என்று ஆசிரியர் கூறினால், பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சிதான் தோன்றுகிறது. முக்கோணமாய் இரண்டு மலைகள்; அவற்றின் நடுவே கதிர் விரிக்கும் ஞாயிறு; வளைந்தோடும் ஆறு; கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. தில்லியில் பயிலும் பிள்ளையும் நாகபுரியில் பயிலும் பிள்ளையும் இதனையே வரைகின்றனர். அவர்களுள் பலர் அத்தகைய மலையையோ ஆற்றையோ கண்டதேயில்லை. கைக்குப் பழகிப்போன படம் அது. கண்ணுக்கு அதில் வேலையில்லை.

சிறு குழந்தைக்கு இது குறையன்று. ஆறாம், ஏழாம் வகுப்பிற்கு வரும்போது ஒரு மாற்றம் நேர்கிறது. அதுவரை சுவரிலும் தரையிலும் கிறுக்கி மகிழ்ந்த பிள்ளை, "எனக்கு வரைய வராது" என்று தாளைக் கசக்கி எறிகிறது. பலர் அத்துடன் ஓவியத்தைக் கைவிட்டும் விடுகின்றனர். திறமை குறைந்துவிட்டதா? இல்லை. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் அவ்வளவு வளரவில்லை. தான் வரைந்த குதிரை குதிரைபோல் இல்லை என்பதை ஐந்து வயதில் அறியாத கண், பதினொரு வயதில் அறிந்துகொள்கிறது. அந்த ஏமாற்றம் வளர்ச்சியின் அறிகுறி. நடுநிலை வகுப்பு ஓவிய ஆசிரியரின் பணி இங்கேதான் தொடங்குகிறது.

அவர் மேசைமீது ஒரு பித்தளைச் சொம்பை வைக்கிறார். (நம் அண்டை வீட்டார் இதனை லோட்டா என்பர்.) சொம்பின் வாய் வட்டமானது என்பது நமக்குத் தெரியும், ஆகவே பலர் முழு வட்டம் வரைகின்றனர். அடிப்பகுதி தட்டையாக அமர்ந்திருப்பதும் தெரியும். ஆகவே அங்கே நேர்கோடு இடுகின்றனர். இரண்டும் அறிவு இட்ட கோடுகள். இனிச் சொம்பைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பாருங்கள்: வாய் ஒரு கோடாகத் தோன்றும். மெல்லத் தாழ்த்துங்கள்: அக்கோடு திறந்து நீள்வட்டமாகும். தாழ்த்தத் தாழ்த்த அந்நீள்வட்டம் அகன்றுகொண்டே வரும். நேர் மேலிருந்து குனிந்து நோக்கினால்தான் அது முழுவட்டம். அடிப்பகுதி வாயைவிடத் தாழ்வில் இருப்பதால், அதன் விளிம்பு இன்னும் மிகுதியாக வளைந்திருக்க வேண்டும். இதனைக் கண்டுகொண்ட மாணவரின் சொம்பு அன்றே தாளில் நிலையாக அமர்ந்துவிடும்.

அளப்பதற்குப் பென்சிலே போதும். கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, உயரத்தில் அகலம் எத்தனை பங்கு என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். கோப்பையின் கைப்பிடி சரியாக வரவில்லையெனில், கைப்பிடிக்கும் கோப்பைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். கைப்பிடி தானே அமையும். பிழையான கோட்டை உடனே ரப்பரால் அழிப்பதை நான் விரும்புவதில்லை. அது தாளிலேயே இருந்தால்தான் அடுத்த கோடு எங்கே விலகிச் செல்ல வேண்டும் என்பது தெரியும்.

வண்ணம் தீட்டாமல் கோடுகளால் மட்டும் அமைந்த படத்தைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். நெடுநல்வாடையில் இத்தொடர் வருகிறது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்போர் கண்ணில் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது உரை விளக்கம். அப்பெயரில் கை இல்லை, கண் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நீர்வண்ணத்தில் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். ஒளிபடும் இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட வேண்டும். நிழலைக் கறுப்பால் நிரப்பாதீர்கள்; உற்றுநோக்கினால் பித்தளையின் நிழலில் பழுப்பும், அருகிலுள்ள துணியின் நிறமும் தெரியும்.

சாந்திநிகேதனில் 1919இல் தொடங்கப்பெற்ற கலாபவனத்திற்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர் நந்தலால் போஸ். மரங்களையும் விலங்குகளையும் உழைக்கும் மக்களையும் நேரில் கண்டு வரையுமாறு அவர் மாணவர்களைப் பழக்கினார். 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிற்காக, காந்தியடிகளின் விருப்பப்படி 80க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். தையற்காரர், முரசு கொட்டுபவர், பஞ்சு அடிப்பவர் என நாள்தோறும் தெருவில் காணும் மக்கள் அவற்றில் உள்ளனர். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை ஓவியங்களால் அணிசெய்தவர்களும் அவரும் அவர்தம் மாணவர்களுமே.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேராக ஒருமுறை, மேசைமேல் ஒருமுறை, தரையில் ஒருமுறை வைத்து மூன்று புனையா ஓவியங்கள் வரைக. வாயின் வடிவம் எவ்வாறு மாறியது என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.