கலப்பு வெளிச்சம் உள்ள கட்டடங்களுக்குள் பனோரமா எடுத்தல்

பனோரமா என்பது ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த பல படங்களைக் கணினியில் ஒட்டி உருவாக்கும் அகன்ற காட்சிப் படம். 'எல்லாம்', 'காட்சி' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் இது. அயர்லாந்தில் பிறந்த ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787-இல் இத்தகைய வட்ட ஓவியத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார். அங்கே வெளிச்சம் கூரையிலிருந்து மட்டுமே விழும்படி செய்திருந்தார். வெளிச்சம் முழுவதும் அவர் கைக்குள் இருந்தது. பழைய வீட்டுக்குள் கேமராவோடு நுழைபவருக்கு அந்த வசதி கிடையாது.

கண் செய்வதும் கேமரா செய்யாததும்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிக்கிறார்கள். பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2700 கெல்வின், மஞ்சளாக இருக்கும். நண்பகல் வெயில் 5500 அளவு. வெயில் படாத நிழலில் வானத்தின் நீலம் மட்டுமே வெளிச்சம் தருவதால் 7000-ஐயும் தாண்டும். கடையில் 'கூல் டேலைட்' என்று விற்கும் எல்இடி பல்பு 6500. பழைய டியூப் லைட்டின் கதை வேறு. அதில் பச்சைச் சாயல் கலந்திருப்பதால் கெல்வின் எண்ணை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது. பச்சை-மெஜந்தா சமன்பாட்டையும் தனியாகத் திருத்த வேண்டும்.

நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டை நமக்குத் தெரியாமலே சரிசெய்துகொள்கின்றன. வெள்ளைத்தாளைப் பல்பின் கீழும் சன்னலோரமும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வெள்ளையாகவே தெரியும். கேமரா ஒரு படத்துக்கு ஒரே ஒரு வெண்சமநிலையைத்தான் வைத்துக்கொள்ளும். அதைத் 'தானியங்கி' நிலையில் விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு முடிவெடுக்கும். பல்பை நோக்கிய படத்தில் சுவர் நீலமாகும், சன்னலை நோக்கிய படத்தில் அதே சுவர் மஞ்சளாகும். இரண்டையும் ஒட்டினால் நடுவே தையல் தெரியும். தனிப்படத்தில் இது கண்ணில் படாது, பனோரமாவில்தான் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்காட்டு: செட்டிநாட்டு வளவு

இந்தச் சிக்கல்கள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் சேரும் இடம் செட்டிநாட்டு வீட்டின் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, அதற்கப்பால் இருண்ட அறைகள். முற்றத்தில் நேர் வெயில். நேர் வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ்; அறை மூலையில் 100 லக்ஸ்கூட இருப்பதில்லை. வேறுபாடு ஆயிரம் மடங்கு. இதற்கு மேல் வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியே சிவப்பும் பச்சையும் தரையில் விழும். தொங்கும் சரவிளக்கில் மஞ்சள் பல்பு, கூடத்து மூலையில் யாரோ பின்னாளில் மாட்டிய டியூப் லைட்.

நிறத்துக்கு இவ்வளவு கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். இந்த வீடுகளின் அடையாளமே நிறமும் மேற்பரப்பும்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சின் வெண்மை, பர்மாத் தேக்கின் செம்பழுப்பு, கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி வார்க்கும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் தவறிப்போனால் படம் எடுத்தும் பயனில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் வாரிசுகள் பலராகி, பராமரிக்க ஆளின்றிப் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. தூண் கடையில் கிடைக்கும். அது எந்த வளவில், எந்த வெளிச்சத்தில் நின்றது என்பது கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை பூசைக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும் வீட்டில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த முன்னேற்பாடெல்லாம்.

எடுப்பதற்கு முன்

எளிய வழி முதலில்: விளக்குகளை அணைத்துவிடுங்கள். வீட்டுக்காரர்கள் விருந்தினர் வந்த மகிழ்ச்சியில் எல்லாச் சுவிட்சையும் போட்டுவிடுவார்கள். "கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கலாமா ஆச்சி?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது நேரம். உச்சி வெயில் முற்றத்தில் விழும் வேளை கூடாது. காலையிலோ பிற்பகலிலோ முற்றம் முழுதும் நிழலாக இருக்கும்போது எடுத்தால் ஆயிரம் மடங்கு வேறுபாடு வெகுவாகக் குறையும். சீராக மூடிய மேகம் இன்னும் நல்லது. விட்டுவிட்டு மேகம் ஓடும் நாள்தான் மோசம். ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் இடையே வெளிச்சம் மாறிவிடும். அந்தி நேரத்தில் வானமும் விளக்கும் சமமாகத் தெரியும் என்று பலர் பரிந்துரைப்பார்கள். தனிப்படத்துக்கு அது சரி. பனோரமாவுக்கு நான் சொல்லமாட்டேன்: ஒரு சுற்று முடிப்பதற்குள் இருட்டு விழுந்து, முதல் படமும் கடைசிப் படமும் சேராமல் போகும்.

கேமரா அமைப்பு

வெண்சமநிலை, துளை அளவு, ஐஎஸ்ஓ, குவியம் நான்கையும் கையால் அமைத்து, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தொடக்கூடாது. ரா கோப்பாக எடுத்தால் வெண்சமநிலையைப் பின்னால் மாற்றலாம். ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே எண்ணாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு விளக்கின் கீழும் சாம்பல் அட்டை ஒன்றை வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் உதவும். சுவரை வெள்ளை என்று நம்பி அளவெடுக்கக் கூடாது, நூறாண்டுச் சுண்ணாம்பு தனக்கென ஒரு நிறம் வைத்திருக்கும்.

வெளிச்ச வேறுபாட்டைச் சமாளிக்க ஒவ்வொரு திசையிலும் பல அடுக்குப் படங்கள் தேவை. துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், வெயில் பட்ட தரைக்கு 1/400 நொடி போதும். இருண்ட மூலைக்கு 2 நொடிக்கு மேல் வேண்டும். ஆகவே 1/400, 1/100, 1/25, 1/6, 0.6, 2.5, 10 நொடி என்று நான்கு நான்கு மடங்காக ஏழு படம். துளையை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டக்கூடாது. மாற்றினால் தெளிவின் ஆழமும் மாறி அடுக்குகள் பொருந்தா.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். மலிவான எல்இடிகள் சிலவும் அப்படியே. அதைவிட வேகமான ஷட்டரில் வரிவரியாகக் கோடு விழலாம். 1/100, 1/50, 1/25 என்ற அளவுகளில் முழுச் சுழற்சிகள் அடங்குவதால் அது தெரியாது. 1/400 படத்தில் விழுந்தாலும் பெரிய கேடில்லை. அந்த அடுக்கிலிருந்து முற்றத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கிடைமட்டமாக 53 பாகை பதிவாகும். படத்துக்குப் படம் 30 விழுக்காடு மேற்படிய வேண்டுமானால் ஒரு சுற்றுக்குப் பத்துத் திசை. பத்துத் திசைக்கு ஏழடுக்கு, எழுபது படம். மச்சின் செதுக்கு வேலைக்கும் தரைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கூடுதல் சுற்றுகள் வேண்டும். முதல் சுற்று முடியவே ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதற்குள் சூரியன் ஒரு பாகைக்கு மேல் நகர்வதால் முற்றத்து நிழலின் விளிம்பும் இரண்டொரு அங்குலம் நகரும். எனவே வெயில் விளிம்பு இருக்கும் திசையிலிருந்து தொடங்கி, அதை அடுத்தடுத்த படங்களில் முடித்துவிடுவது நல்லது.

தூண்கள் நிறைந்த இடத்தில் முக்காலியின் அச்சு சரியான புள்ளியில் இல்லாவிட்டால் அருகிலுள்ள தூணும் பின்னாலுள்ள கதவும் படத்துக்குப் படம் இடம் மாறும். அந்தப் புள்ளி, லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் அதன் துளை இருப்பதுபோல் தெரியும் இடம். ஒரு குச்சியை அருகிலும் மற்றொன்றைத் தொலைவிலும் ஒரே கோட்டில் நிறுத்தி, கேமராவை இடமும் வலமும் திருப்புங்கள். குச்சிகள் விலகாத வரை கேமராவை முன்பின் நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். வீட்டிலேயே ஒருமுறை செய்து அளவைக் குறித்துவைத்தால் போதும்.

விளக்கும் வேண்டும் என்றால்

சில வேளை சரவிளக்கு எரிவதும் பதிவாக வேண்டியிருக்கும். அப்போது சுவிட்சுக்கு ஓர் ஆளை நிறுத்தி, ஒவ்வொரு திசையிலும் அணைத்து ஒரு தொகுதி, போட்டு ஒரு தொகுதி எடுக்கலாம். ஒளி கூட்டல் கணக்குக்குக் கட்டுப்பட்டது. பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்த படத்திலிருந்து பகல் மட்டும் உள்ள படத்தைக் கழித்தால் விளக்கின் பங்கு மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் தனித்தனி வெண்சமநிலை கொடுத்து மறுபடி கூட்டினால், நீலமும் மஞ்சளும் கலந்த சுவர் சீராகிவிடும். பள்ளிக் கணக்குத்தான். ஒரே நிபந்தனை, அடுக்குகள் நேர்விகித மதிப்புள்ள எச்டிஆர் கோப்பாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். என்ஃபியூஸ் போன்ற கலவை முறையில் சேர்த்த படங்களில் இந்தக் கழித்தல் பொய்த்துவிடும்.

ஒட்டுதல்

ஹகின் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது. ஒரு தொகுதிக்குக் கணக்கிட்ட இணைப்பு அளவுகளை வார்ப்பாக எடுத்து மற்றத் தொகுதிக்கும் பொருத்தலாம் என்பது மேற்சொன்ன முறைக்குப் பெரிய வசதி. 360 பாகைப் படம் என்றால் அகலம் உயரத்தைப்போல் இரு மடங்காக வெளிவரும்.

எந்த வெளிச்சத்தைச் சரியென்று கொள்வது? கட்டடத்தில் பெரும்பகுதியை நிரப்புவது எதுவோ அதை. வளவில் அது முற்றத்து வானம். விளக்கு எரியும் மூலைகளை ஒட்டியபின் முகமூடி போட்டுத் தனியே திருத்தலாம். முழுவதும் வெளுக்க வேண்டாம், சிறிது மஞ்சள் மிஞ்சினால்தான் அங்கே விளக்கு எரிகிறது என்று தெரியும். வண்ணக் கண்ணாடி தரையில் வீசும் சிவப்பையும் பச்சையையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. தானியங்கித் திருத்தம் முதலில் அழிப்பது அதைத்தான்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் நடுத்தர வெளிச்சமுள்ள இடத்தில் திரையை நீண்ட நேரம் அழுத்தி வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, தூண்களிலிருந்து தள்ளி நின்று திரும்பலாம். வெண்சமநிலையைக் கையால் அமைக்கும் வசதி பல கைப்பேசிகளின் 'புரோ' நிலையில் இருக்கிறது. அதில் தனிப்படங்களாக எடுத்து ஹகினில் ஒட்டுவது பனோரமா நிலையைவிட நல்ல பலன் தரும்.

கோப்போடு நாள், நேரம், முக்காலி நின்ற இடம், எரிந்த விளக்குகள், வெண்சமநிலை எண், சாம்பல் அட்டைப் படம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பின்னாளில் அந்த வீட்டைச் செப்பனிடுபவர் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பை ஒப்பிட அந்த அட்டையைத்தான் தேடுவார்.