செம்மரம்: கூலியாளோடு நின்றுபோகும் வழக்குகள்

ஆனி மாதத்தில் சித்தூரிலிருந்து பலமநேர் போகிறவர்கள் பங்காருபாளையத்தில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் மண்டியிலும் கூழ் ஆலை வாசல்களிலும் வரிசை கட்டி நிற்கும். விவசாயி வியர்வை சிந்தி விளைவித்த சரக்கு இது. ஆனால் சித்தூர், திருப்பதி வட்டாரச் சாலைகளில் தக்காளிப் பெட்டிக்கு அடியிலும் பால் வண்டிக்குள்ளும் இன்னொரு சரக்கு போவதை ஊரே அறியும்.

செம்மரம். சேஷாசலம், வெலிகொண்டா, நல்லமலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர, உலகில் வேறெங்கும் காட்டில் தானாக வளராத மரம். வெட்டியதும் வெளிறை அங்கேயே செதுக்கித் தள்ளிவிடுவார்கள். மிஞ்சுவது ரத்தச் சிவப்பில் வைரம் பாய்ந்த கட்டை மட்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். அதைத் தோளில் சுமந்து இருட்டில் மலை இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஜவ்வாது மலை, கல்வராயன் மலைக்காரர்கள். நம்மவர்கள்.

சீனாவில் அரண்மனை பாணி மரச்சாமான்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் இந்தக் கட்டைக்கு மவுசு அதிகம். 2022இல் முந்த்ரா துறைமுகத்தில், ஷார்ஜாவுக்குப் போகவிருந்த ஒரு கண்டெய்னரை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் திறந்தார்கள். கணக்கில் காட்டியிருந்தது குளியலறைப் பொருட்கள். உள்ளே இருந்தது 11.7 டன் செம்மரம். மதிப்பு 11.7 கோடி ரூபாய், அதாவது டன்னுக்கு ஒரு கோடி. இந்தப் பணத்தில் கட்டையைச் சுமந்தவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம்தான்.

சேஷாசலத்தில் வெட்டியது குஜராத் கடற்கரை வரை எப்படிப் போகிறது? தானாக நடந்து போகவில்லை. லாரியை வாடகைக்கு விட ஒருவர், கிடங்கைக் கொடுக்க ஒருவர், ஏற்றுமதிச் சீட்டு எழுத ஒருவர், கண்டெய்னர் தர ஒருவர், பணம் கைமாற ஒரு வங்கிக் கணக்கு என்று எத்தனையோ கைகள் வேண்டும். அத்தனையும் தனியார் கைகள். அவர்களில் பலருக்கு என்ன சரக்கு என்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அரசும் தனியாரும் கைகோப்பது புதிய யோசனை அல்ல. வனவிலங்குக் கடத்தலுக்கு எதிராக 2016இல் லண்டனில் விமான, கப்பல் நிறுவனங்கள் பக்கிங்ஹாம் அரண்மனைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவில் 2017இல் ஆலையிலேயே சரக்கேற்றும் ஏற்றுமதியாளர்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. மின்னணு முத்திரை வந்தது. 2018இல் இ-வே பில், 2021இல் சுங்கம் கட்டும் வண்டிகளுக்கெல்லாம் ஃபாஸ்டேக். எந்த லாரி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது இன்று பதிவாகிறது. ஆனால் முத்திரையைத் தொடாமலேயே கதவின் ஆணியைக் கழற்றிச் சரக்கை மாற்றுகிற வித்தையும் கடத்தல்காரனுக்குத் தெரியும். வழியில் காரணமின்றி நான்கு மணி நேரம் நின்ற வண்டியை முதலில் கவனிக்கக்கூடியவர் அதன் உரிமையாளர்தான். அவர் ஒரு போன் போட்டால் போதும். அதற்கான எண்ணும், அவர் பெயர் வெளியே வராது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும்.

கூழ் ஆலைக்காரர்களுக்கும் இதில் அக்கறை இருந்தாக வேண்டும். சித்தூர் மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. இந்த வட்டாரக் கண்டெய்னர் என்றாலே சந்தேகம் என்ற பெயர் வந்துவிட்டால், சோதனையில் நாள் கடப்பது நேர்மையான வியாபாரியின் சரக்குத்தான்.

காவலையும் தண்டனையையும் கடுமையாக்கினால் போதும் என்பார்கள் சிலர். 2013 டிசம்பரில் வன அதிகாரிகள் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டதை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் 2015 ஏப்ரல் 7ஆம் தேதியை எப்படி மறப்பது? சேஷாசலத்தில் அன்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 20 பேர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள். அவர்களும் தமிழ்நாட்டு மலைக்காரர்களே. இத்தனைக்குப் பிறகும் கடத்தல் நிற்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் எப்படி நிற்கும்?

'புஷ்பா' படத்தில் கூலியாள் ஒருவன் கடத்தல் சாம்ராஜ்யத்துக்கே தலைவன் ஆகிறான். அதைப் பார்த்துக் கைதட்டும் மலைப் பையன்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. நிஜத்தில் கூலியாளுக்குக் கிடைப்பது முன்பணம், சிறை, வாய்தா. மொழி தெரியாத ஊர் நீதிமன்றத்துக்கு மனைவி தாலியை அடகு வைத்து அலைகிறாள்.

சாமை விளையும் பூமி ஜவ்வாது மலை. மழை பொய்த்தால் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ பிழைக்கப் போவார்கள். கையில் முன்பணத்தோடு ஊருக்குள் வருகிற முதல் ஆள் கடத்தல் தரகனாக இருக்கக் கூடாது. மாம்பழப் பருவத்தில் பறிக்கவும் ஏற்றவும் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் தோட்டக்காரர்களும் ஆலைகளும் அந்தத் தரகனுக்கு முன்னால் அங்கே போகட்டும். எழுத்தில் ஒப்பந்தம், வங்கியில் கூலி, போகவர வண்டி. இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் அதைப் பதிவு செய்யட்டும்.

அரசு-தனியார் கூட்டுறவு என்று மேடையில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இரண்டில்தான் உரைத்துப் பார்க்கப்படும்: லாரிக்கு வாடகை கொடுத்தவன் யார் என்று வழக்கில் எழுதப்படுகிறதா? மலைக்காரன் கைக்கு நேர்மையான முன்பணம் முதலில் போய்ச் சேர்கிறதா?