தேன்சிட்டுக்காகத் தள்ளிப்போன வெள்ளையடிப்பு!

போன மாசியில் நடந்தது. பங்குனியில் கொழுந்தனார் மகளுக்கு எங்கள் வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம். வெள்ளையடிக்க ஆளும் சொல்லியாச்சு. பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியில் ஏதோ குப்பை தொங்குகிறதே என்று ஒட்டடைக் கம்போடு போனேன். குப்பைக்குள்ளிருந்து ஒரு குட்டி மூக்கு எட்டிப் பார்த்தது. தேன்சிட்டு!

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் செம்பருத்தியை ஒட்ட வெட்டச் சொல்லி, கூடு விழுந்து, இரண்டு முட்டையும் உடைந்துபோனது. அந்தத் தாய்க்குருவி இரண்டு நாள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்ததை மறக்க முடியவில்லை.

"பின்கட்டை அப்புறம் அடிச்சுக்கலாங்க" என்றேன். "நாலு பேர் வர்ற இடத்துல ஒரு குருவிக்காகவா?" என்று சிரித்தார் என் கணவர். என் மாமியார் விடவில்லை.

"ஏப்பா, பொத்தக்குடி சேதி மறந்துபோச்சா?" என்றார்.

2020-ல் நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலோ, பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. "அவுக ஊரே இருட்டுல இருந்துச்சு. நமக்கு ஒரு சுவர் அழுக்கா இருந்தா என்ன?" என்றாரே பார்க்கலாம்! கணவர் வாயே திறக்கவில்லை. முன்கட்டுக்கு மட்டும் வெள்ளையடித்தோம். துணியெல்லாம் மொட்டைமாடிக்குப் போனது.

அடைகாத்தது சுமார் இரண்டு வாரம். குஞ்சு பொரித்ததும் ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சிலந்தியும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டின. தேன் குடிக்கிற குருவிதானே என்று நினைத்திருந்தேன். குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடாம்! கூட்டையே சிலந்தி நூலால்தான் இழுத்துக் கட்டுகிறது. நாம் ஒட்டடை என்று அடித்துத் தள்ளுவது அதற்குச் சுண்ணாம்புக் காரை! அன்றிலிருந்து கொல்லைப்பக்க ஒட்டடையில் நான் கை வைப்பதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டம்மா பின்கட்டைப் பார்த்து முகம் சுளிப்பாரோ என்று பயந்தேன். அவரோ குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு வரமாட்டேங்குதே!" என்று ஆதங்கப்பட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

செம்பருத்தி, இட்லிப்பூ இரண்டு செடி போதும். மருந்து அடிக்காதீர்கள். அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாமல் தினமும் மாற்றுங்கள். பூனை பதுங்க இடமில்லாத வெட்டவெளியாக இருக்கட்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் புழுவை நசுக்காதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியாகும். நாலு இலை போனால் ரசம் மணக்காமலா போய்விடும்? முக்கியமாக, செடியை வெட்டுமுன் ஒருமுறை விலக்கிப் பாருங்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்த நாலாம் நாள் இரண்டு குஞ்சும் பறந்தன. பின்கட்டுச் சுவரில் பழைய கறை அப்படியே இருக்கிறது. "இப்ப அடிச்சிடலாமா?" என்று கணவரைக் கேட்டேன். "இரு, மறுபடியும் வந்தாலும் வரும்" என்கிறார்!

- ஒரு வாசகி, ஆத்தங்குடி