மாசம் 14 பவுண்டு!

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் அலறினால், ஒன்று கெட்ட செய்தியாக இருக்கும். இல்லாவிட்டால் லண்டன் அண்ணனாக இருக்கும். அன்றைக்கு இரண்டுமே.

அண்ணன் என்றால் பெரியப்பா பையன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஜாகை. பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் டைல்ஸ் ஒட்டுகிற தொழில். அவரே முதலாளி, அவரே மேஸ்திரி, அவரே சித்தாள், மாசக் கடைசியில் அவரே வசூல் குமாஸ்தா. ஊரில் மட்டும் "லண்டன்ல பில்டிங் கம்பெனி வெச்சிருக்கான்" என்று பேச்சு.

"டேய், நீ பி.காம்.தானே?"

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "ஆமாண்ணே..." என்றேன்.

"என் காசை நான் கேக்கக் கூடாதாம்டா! அறுபது நாளைக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு லெட்டர் வந்திருக்கு!"

விஷயம் இதுதான். வாடிக்கையாளர் ஒருவர். நடுத்தர வயசு, ஏதோ கிடங்கில் வேலை, அடமானத்தில் சொந்த வீடு. பாத்ரூமை முழுசாக மாற்றித் தரச் சொன்னார். பேசிய தொகை 2,400 பவுண்டு, அட்வான்ஸ் 600. வேலை முடிந்த அன்றைக்கு வீட்டம்மா டீயெல்லாம் போட்டுக் கொடுத்து, டைல்ஸ் பிரமாதம் என்றாராம். பாக்கி 1,800 பவுண்டு (நம் கணக்கில் சுமார் இரண்டு லட்சம்) 'அடுத்த வாரம்' என்றார்கள். அடுத்த வாரம் என்பது லண்டனிலும் அடுத்த வாரம் வருவதில்லை! மூன்று மாசம் ஓடிற்று. போன் எடுப்பதில்லை. மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. கடைசியில் ஒரு வரி வந்தது: 'இனிமேல் எங்கள் கடன் ஆலோசகரிடம் பேசிக்கொள்ளவும்.' பின்னாலேயே அந்த லெட்டர்.

நம்மூர்க் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு மாட்டிவிட்டுக் கடனும் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் போர்டு கிடையாது. பதிலாக, கடனில் மூழ்கினவரைக் கரையேற்ற என்றே தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஸ்டெப்சேஞ்ச் என்று ஒன்று. 1993-ல் லீட்ஸ் நகரத்தில் வேறு பெயரில் ஆரம்பித்து, 2012-ல் இந்தப் பெயருக்கு மாறியது. நேஷனல் டெட்லைன் என்று இன்னொன்று (கெடு இல்லை ஸார், கடன்!). 1939-ல் உலகப்போர் மூண்ட சமயத்தில் பிறந்த சிட்டிசன்ஸ் அட்வைஸும் இந்த வேலையைச் செய்கிறது. எல்லாமே இலவசம். கடன் வாங்கியவரிடம் காலணா வாங்க மாட்டார்கள்.

"அப்ப இவங்களுக்கு யாருடா சம்பளம் குடுக்கறா?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். பதிலைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்டெப்சேஞ்சுக்குப் பெரும்பகுதி பணம் கொடுப்பது, கடன் கொடுத்த பாங்க்குகளும் கார்டு கம்பெனிகளும்தான். ஸ்தாபனத்தின் மூலமாக வசூலாகும் தொகையில் ஒரு பங்கை அவர்களே நன்கொடையாகத் திருப்பித் தருகிறார்கள். ஆள் வைத்துத் துரத்துவதைவிட இது லாபம் என்று பாங்க்காரன் கணக்குப் போட்டிருக்கிறான். பாங்க்காரன் கணக்குத் தப்பாக இருக்காது. ஆனால் அது பாங்க்குக்கான கணக்கு. வேனுக்கு டீசல் போடக் கையில் காசில்லாத அண்ணனுக்கு?

அவருக்கு வந்த லெட்டருக்கு 'ப்ரீதிங் ஸ்பேஸ்' என்று பெயர். மூச்சு விட்டுக்கொள்ளும் அவகாசம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4-ம் தேதியிலிருந்து அமலில் இருக்கும் சட்டம். கடன்பட்டவர் தானாகப் போய் வாங்கிவிட முடியாது; கடன் ஆலோசகர் பரிசீலித்துப் பதிவு செய்தால்தான் உண்டு. பதிவானதும் அரசாங்கத்தின் திவால் துறையிலிருந்து கடன் கொடுத்த எல்லாருக்கும் தாக்கீது போகும். அதிலிருந்து 60 நாள் வட்டி போடக் கூடாது, பாக்கியைக் கேட்டு போன் பண்ணக் கூடாது, கோர்ட் மூலம் வசூலில் இறங்கக் கூடாது. மீறி எடுத்த நடவடிக்கை செல்லாது. அதனால் அவருக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதுவும் நம் தலையில்.

"நேரா வீட்டு வாசல்ல போய் உக்காந்துட்டா?"

"அண்ணே, வேணாம்ணே. கடன்காரரைத் தொந்தரவு பண்ணினா குற்றம்னு 1970-லயே சட்டம் போட்டு வெச்சிருக்கான்."

"சரி, டைல்ஸையாவது பேத்து எடுத்துட்டு வந்துடறேன்."

அதுவும் முடியாது. சுவரில் ஒட்டிய நிமிஷமே டைல்ஸ் வீட்டோடு சேர்ந்த சொத்து. பேர்த்தால் போலீஸ் அண்ணனைத்தான் தேடும். பொறுமையாகச் சொன்னேன். மறுமுனையில் நீண்ட மௌனம். நாலு நாள் குனிந்து ஒட்டின முதுகு அவருடையது.

ஆனால் ஒன்று. 60 நாள் வாயைக் கட்டச் சொன்ன சட்டம், கையைக் கட்டச் சொல்லவில்லை. பாக்கியை வாடிக்கையாளரிடம்தான் கேட்கக் கூடாதே தவிர, ஆலோசகருக்குத் தாராளமாக எழுதலாம். இவருக்குப் பணம் இருக்கிறது, சட்டத்தை ஏய்க்கிறார் என்று ருசு இருந்தால், ஆரம்பித்த 20 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். இந்த 20 நாளைத்தான் சின்ன வியாபாரிகள் கோட்டை விடுகிறார்கள். பாங்க்கில் இதற்கென்றே ஒரு செக்ஷன் உட்கார்ந்திருக்கிறது. நம்மாள் கோபத்தில் லெட்டரைக் கசக்கி வேனின் டாஷ்போர்டில் எறிந்துவிடுகிறார். அண்ணனும் எறிந்திருந்தார். எடுத்து நீவச் சொன்னேன்.

பேசிய தொகைக்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொட்டேஷனை மெசேஜில் அனுப்பியிருந்தார், அந்த ஆள் 'ஓகே' என்று பதில் போட்டிருந்தார். அந்த 'ஓகே' 1,800 பவுண்டு பெறும்! பில், அட்வான்ஸ் வந்த பாங்க் கணக்கு, மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து, பாக்கி இவ்வளவு, கணக்கு நம்பர் இது என்று ஒரே பக்கத்தில் ஆலோசகருக்கு அனுப்பச் சொன்னேன். காரணம் இருக்கிறது. 'உங்களுக்கு என்னென்ன கடன்?' என்று கேட்டால் மனுஷனுக்கு கார்டும் லோனும்தான் ஞாபகம் வரும். டைல்ஸ்காரருக்குத் தர வேண்டியதைக் கடன் என்றே நினைக்க மாட்டார். பட்டியலில் பேர் ஏறவில்லையென்றால் பங்கு பிரிக்கும்போது இலை கிடையாது. இன்னொரு வகை ஆசாமிகளும் உண்டு. எந்த ஸ்தாபனத்துக்கும் போகாமலே 'ஆலோசகரிடம் பேசு' என்று ஓட்டுகிறவர்கள். அவர்களிடம் ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டால் போதும். நிஜமா, டூப்பா என்று தெரிந்துவிடும்.

60 நாள் முடிந்தது. ஆலோசனை ஸ்தாபனத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே வரவு செலவுப் பட்டியல். நாடு முழுக்க ஒரே மாதிரிப் படிவம், 2017-லிருந்து. வீட்டுத் தவணை, நகராட்சி வரி, மின்சாரம், சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் போக, மாசம் மிஞ்சுவது 140 பவுண்டு. மொத்தக் கடன் 18,000. அண்ணனின் பாக்கி அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே மிச்சத்திலும் பத்தில் ஒரு பங்கு. மாசம் 14 பவுண்டு!

கால்குலேட்டரைத் தட்டினேன். கடைசித் தவணை வர பத்து வருஷம் ஒன்பது மாசம். அதற்குள் அந்த டைல்ஸே பழைய ஃபேஷனாகி, பேர்த்துப் புதுசு ஒட்டியிருப்பார்கள்.

இதையாவது பாக்கியம் என்று சொல்ல வேண்டும். மிச்சமே இல்லாதவர்கள் 'அடையாளத் தொகை' என்று மாசம் ஒரு பவுண்டு தருவது அங்கே சகஜம். 1,800 பவுண்டுக்கு அது 150 வருஷம்! சொந்த வீடில்லாத, சொத்தில்லாத ஏழைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடன் நிவாரண உத்தரவு என்று பெயர். 2024 ஜூனிலிருந்து 50,000 பவுண்டு வரைக்கும் உண்டு. ஒரு வருஷம் கழித்து அந்தக் கடன் அடியோடு ரத்து. பி.காம்.மில் 'வாராக்கடன்' என்று ஒரு வரியில் எழுதி மார்க் வாங்கினேன். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பேர் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று அப்போது தெரியாது.

இந்த 14 பவுண்டை ஏற்க வேண்டும் என்று கட்டாயமா? இல்லை. தவணைத் திட்டம் என்பது பேச்சு உடன்பாடு, சட்ட உத்தரவு அல்ல. மறுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். 10,000 பவுண்டு வரை சின்ன வழக்கு. வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆனால் 2017 அக்டோபரிலிருந்து ஒரு நடைமுறை. தனிநபர் மேல் வழக்குப் போடுகிற வியாபாரி, முதலில் ஒரு கடிதம் அனுப்பி 30 நாள் பொறுக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு, இலவசக் கடன் ஆலோசனை எங்கெங்கே கிடைக்கும் என்ற பட்டியலையும் வைத்து அனுப்ப வேண்டும். அதாவது, "யோவ், என் காசைக் குடு, குடுக்க முடியலைன்னா எனக்கு எதிரா யோசனை சொல்ல ஆள் இங்க இருக்கு" என்று நாமே விலாசம் எழுதித் தர வேண்டும்!

சரி, ஜெயித்தால்? நூறு பவுண்டுக்கு மேல் கோர்ட் கட்டணம் கட்டித் தீர்ப்பு வாங்கினாலும், 'என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று அவர் அதே வரவு செலவைக் காட்டுவார். ஜட்ஜ் அதைப் பார்த்துத்தான் தவணை போடுவார். அதே 14 வரலாம். ஆனால் அண்ணனுக்கு ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அந்த ஆளுக்குச் சொந்த வீடு. தீர்ப்பை வைத்து வீட்டின் மேல் ஒரு பிடிப்பு வாங்க மனுப் போடலாம். கிடைத்தால், என்றைக்கு வீட்டை விற்றாலும் அடமானம் போக மிச்சத்திலிருந்து பாக்கி வரும்.

அண்ணன் யோசித்தார். 1824-ல் இதே லண்டனில் யோசிக்க வேண்டியிருக்காது. ஒரு ரொட்டிக்காரருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி வைத்த குற்றத்துக்காக ஒரு குமாஸ்தாவை மார்ஷல்ஸீ சிறையில் தள்ளினார்கள். குமாஸ்தாவின் பன்னிரண்டு வயசுப் பையன் பாலிஷ் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். பையன் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். வளர்ந்து, நாவல் நாவலாக எழுதி உலகத்தையே அழ வைத்தான். 1869-ல் சட்டம் வந்து, சாதாரணக் கடனுக்கு ஜெயில் என்பது பெரும்பாலும் ஒழிந்தது. ரொம்ப நல்ல காரியம். ஆனால் அந்த ரொட்டிக்காரர் மாவு வாங்கின கடைக்கு எப்படிப் பணம் கட்டினார்? அவருக்காக அழ ஒரு நாவலும் இல்லை. தமிழ் இந்த விஷயத்தில் பரவாயில்லை. கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன்!

இந்த வேடிக்கையை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் டைல்ஸ் கடையில பாக்கிடா" என்றார். அந்த பாத்ரூமுக்கு வாங்கின டைல்ஸ்தான். 950 பவுண்டு. கடைக்காரர் இரண்டு மாசமாகக் கேட்கிறார். இரண்டு தடவை அண்ணன் போனை எடுக்கவில்லை. நீல டிக் மட்டும் விழ விட்டிருக்கிறார்.

சுயதொழில் செய்கிறவர்களுக்கென்றே பிஸினஸ் டெட்லைன் என்று ஒரு இலவச டெலிபோன் உதவி இருக்கிறது. நேஷனல் டெட்லைனை நடத்துகிற அதே ஸ்தாபனம்தான் இதையும் நடத்துகிறது. "நான் என்ன தர்மத்துக்கு நிக்கறவனா?" என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தவர், அப்புறம் பேசியிருக்கிறார். முக்கால் மணி நேரம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி, வேனுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். "திட்டவே இல்லடா" என்றார் அண்ணன், அதிசயம் போல.

கோர்ட்டுக்குப் போகவில்லை. போக ஆறு வருஷம் வரை டயம் இருக்கிறது என்று தெரிந்ததால், 14 பவுண்டை ஒப்புக்கொண்டு, 'வருஷத்துக்கு ஒரு தரம் கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கையில் பணம் வந்தால் எனக்கும் சொல்ல வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். இப்போதெல்லாம் புது வேலைக்குப் பாதிப் பணம் முன்னால், டைல்ஸ் வந்து இறங்கும்போது கால்பங்கு, முடிந்த அன்றைக்கு மிச்சம். இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்களாம். போகட்டும் என்கிறார்.

போன மாசம் அஞ்சாம் தேதி, ராத்திரி பதினொன்றரை. வாட்ஸ்அப்.

"வந்துடுச்சுடா!"

"எவ்வளவுண்ணே?"

"பதினாலு! சொன்ன தேதிக்குப் போட்டுட்டான்டா." குரலில் 1,800-உம் வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது இருக்கட்டும். டைல்ஸ் கடைக்குக் குடுக்கறதுக்கு அந்த வரவு செலவு ஃபாரத்தை நிரப்பிக்கிட்டிருக்கேன். நீ பி.காம்.தானே... இந்தப் பதினாலை எந்தக் கட்டத்துலடா எழுதறது?"