சொல்லிசையும் தொடையும்

புதிய பாட்டுவகை ஒன்று ஒரு மொழியில் வந்து புகுங்கால் அதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் எழுதல் இயல்பு. ஒரு சாரார் அஃது அயலது என்று ஒதுக்குவர். மற்றொரு சாரார் அது முன்பே நம்மிடம் இருந்தது என்று உரிமை கொண்டாடுவர். இவ்விரு கூற்றும் ஆராய்ச்சியின் உழைப்பைத் தவிர்ப்பதற்கே பயன்படுகின்றன. இரு சாராரும் அப்பாட்டைச் செவி கொடுத்துக் கேட்பதில்லை. ராப் எனப்படும் பாட்டுவகை தமிழில் அடைந்த நிலையும் இதுவே. இதனை இக்காலக் கலைஞர் பலர் 'சொல்லிசை' என வழங்குகின்றனர். அப்பெயரையே யாமும் ஈண்டு மேற்கொள்வாம்.

இராஜகீழ்ப்பாக்கத்தில் எம் இல்லத்திற்கு யாப்பருங்கலக் காரிகை பாடங்கேட்க வந்த முதுகலை மாணவர் ஒருவர், தாம்பரம்–வேளச்சேரிப் பேருந்தில் தாம் கேட்ட சொல்லிசைப் பாடல் ஒன்றை ஒரு நாள் தாளில் எழுதிக் கொணர்ந்தார். தொடைகளுக்கு அடிக்கோடிட்டிருந்தார். "ஐயா, இதில் எதுகையும் உண்டு, இயைபும் உண்டு. இதனை எவ்வாறு வகைப்படுத்துவது?" என வினவினார். யாம் உடனே விடை கூற இயலவில்லை. இதனையே ஆய்வேட்டிற்குப் பொருளாகக் கொள்ளலாமா என்று அவர் மேலும் கேட்டபோது, வேறு பொருள் தேடுமாறு கூறி அனுப்பிவிட்டோம். அது பிழை என்பதனைப் பின்னர் உணர்ந்தோம். அம்மாணவரின் வினாவிற்குக் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையே இக்கட்டுரை. இதற்கு எடுத்துக்காட்டாக 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரால் அறியப்படும் ஆதியின் கலைவாழ்வைக் கொள்வாம்.

வரலாறு

ஹிப்ஹாப் கலை நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. 1973 ஆகத்து 11ஆம் நாள் கூல் ஹெர்க் என்பவர் அங்கு ஓர் இல்ல விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதனை அதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. இசைத்தட்டில் பறையொலி தனித்து நிற்கும் பகுதியை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, அதன்மேல் சொல்லை விரைந்து அடுக்குதலே அதன் அடிப்படை. ஆதலின் இக்கலையில் 'தயாரிப்பாளர்' என்னும் சொல் பொருள் முதலீடு செய்பவரைக் குறியாது, பாட்டிற்குரிய தாளத்தையும் ஒலியையும் கட்டமைப்பவரையே குறிக்கும்.

தமிழ்த் திரையிசையில் இதன் சாயல் 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலில் ஏ. ஆர். ரகுமான் வழியாகக் கேட்கப்பெற்றது. எனினும் முழுமையான தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பு கடல் கடந்த தமிழரிடையே தோன்றியது. முன்னர்ப் 'பொயட்டிக் அம்மோ' என்னும் மலேசியக் குழுவில் இருந்த யோகி பி, 'நட்சத்ரா' குழுவினருடன் இணைந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராசா அமைத்த பாடல் ஒன்றை அடியாகக் கொண்ட 'மடை திறந்து' அத்தொகுப்பைச் சேர்ந்ததே.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, ஜீவா என்பாருடன் இணைந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் இயங்கினார். 2011இல் 'கிளப்புல மப்புல' என்னும் பாடல் வானொலி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் பரவி அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. இதனை முதல் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பு என்பாரும் உளர். இந்தியாவில் முதலாவது என வரையறுத்துக் கூறின் அக்கூற்றில் பொருள் உண்டு. அவ்வரையறை இன்றேல் 'வல்லவன்' தொகுப்பிற்கு இழுக்குச் செய்தவராவோம்.

பின்னர் 'எதிர் நீச்சல்' (2013), 'கத்தி' (2014) முதலிய படங்களில் பிறர் இசையமைப்பில் பாடிய அவர், 2015இல் 'ஆம்பள' படத்தின் வாயிலாகத் தாமே இசையமைப்பாளரானார். 'தனி ஒருவன்' அதே ஆண்டில் வெளிவந்தது. 2017இல் தம் வாழ்வைத் தழுவிய 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி இயக்கி நடித்தார். 2023இல் இசைத் தொழில்முனைவு பற்றிய ஆய்விற்கு முனைவர் பட்டம் பெற்றார். 2024இல் வெளிவந்த 'கடைசி உலகப் போர்' படத்தை இயக்கியதோடு தாமே தயாரிக்கவும் செய்தார். இவ்வாறு, இருவகைப் பொருளிலும் அவர் தயாரிப்பாளராயினமை காண்க.

யாப்பு

இனி மாணவரின் வினாவிற்கு வருவாம். ஆங்கிலச் சொல்லிசை இரண்டினைச் சார்ந்து நிற்பது: ஒன்று சொல்லழுத்தம், மற்றொன்று அடியிறுதியின் ஒலியொப்புமை. தமிழ்ச் செய்யுளோ சொல்லழுத்தத்தைக் கணக்கிடாது, அசையைக் கணக்கிடும். தொடையைப் பெரிதும் அடியின் தொடக்கத்தில் வைக்கும். எனவே இவ்வடிவம் தமிழில் நில்லாது என்று முன்னர் யாமும் எண்ணியதுண்டு. ஆயின் அது நின்றுவிட்டது. எவ்வாறு நின்றது என்பதே ஆராயத்தக்கது.

ஈண்டு எவர் பாட்டையும் எடுத்தாளாமல், விளக்கத்தின் பொருட்டு யாமே தொடுத்த இரண்டு அடிகளைத் தருகின்றோம்:

பட்டறை நெருப்பிலே பழுத்தது சொல்லு
கட்டிய நாணிலே கனன்றது வில்லு

ஒவ்வோர் அடியும் நாற்சீர் உடையது. தொல்காப்பியர் அடி என்று சிறப்பித்துக் கூறியதும் நாற்சீர் அடியையே. சொல்லிசையின் தாள வட்டமும் பெரும்பான்மை நான்கு எண்ணிக்கை கொண்டது. ஆகவே சீருக்கு ஓர் எண்ணிக்கையாக அடியும் வட்டமும் பொருந்திவிடுகின்றன.

இனித் தொடையை நோக்குவாம். முதற்சீரிலும் மூன்றாஞ்சீரிலும் பொழிப்பு மோனை வந்துளது. இத்தாளத்தில் பறையின் கூர்மையான அடி வழக்கமாக விழுவதோ இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் ஆகும். எனவே ஒன்றும் மூன்றும் மோனையால் எழ, இரண்டும் நான்கும் பறையால் எழுகின்றன. நான்காஞ்சீரில் பறையோடு இயைபும் சேர்ந்து அடியை முடிக்கின்றது. 'பட்-', 'கட்-' என்னும் எதுகை ஓரடியை மற்றோரடியோடு பிணிக்கின்றது. ஆங்கிலத்தில் இறுதி ஒலியொப்புமை ஒன்றே சுமக்கும் சுமையைத் தமிழில் மோனை, எதுகை, இயைபு ஆகிய மூன்றும் பகிர்ந்து சுமக்கின்றன. தமிழ்ச் சொல்லிசை செவிக்கு இனிதாகும் இடங்களைக் கூர்ந்து கேட்பார் இவ்வமைப்பைப் பெரும்பாலும் உணர்வர். அயல்மொழிப் பாட்டைப் பின்பற்றி இயைபை மட்டும் நம்பும் இடங்களில் அடிகள் தளர்ந்து போதலையும் அறிவர்.

இயைபு புதியதன்று. அடியின் இறுதி ஒன்றி வருதலைத் தொல்காப்பியர் இயைபு என்றே கூறினார். சிந்து முதலிய இசைப்பாக்களில் அது பயின்று வரக் காண்கின்றோம். விரைவும் புதியதன்று. செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் உள்ளன. அருணகிரியாரின் சந்தங்கள் அவ்விரைவின் உச்சம். எனினும் சொல்லிசை நம்மிடம் முன்பே இருந்தது என்று இதனால் துணிதல் கூடாது. இருந்தவை உறுப்புகள், பிராங்க்ஸில் பிறந்தது உடல். அவ்வுடல் தமிழில் உயிர் பெற்றது அவ்வுறுப்புகளால் என்பதே எம் துணிபு.

பொருள்

வடிவத்தைப் பாராட்டியவுடன் திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. ஆதிக்குப் புகழ் தந்த 'கிளப்புல மப்புல' பெண்டிரின் உடையையும் ஒழுகலாற்றையும் பழித்துப் பண்பாட்டின் பெயரால் அறிவுரை கூறுவது. அது வெளிவந்த காலத்திலேயே பெண்ணை இழிவுபடுத்துகின்றது என்னும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அக்கண்டனம் நேரியது என்றே யாம் கருதுகின்றோம். வசையைத் தொல்காப்பியர் அங்கதம் எனக் கொண்டு, செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பகுத்தார். சொல்லிசை பெரும்பாலும் செம்பொருள் அங்கதமே. அங்கதத்தில் சொல்லின் கூர்மையோடு அது யாரை நோக்கிச் செல்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2019இல் 'தெருக்குரல்' என்னும் தொகுப்பில் அதே அங்கதத்தைச் சாதிக் கொடுமையை நோக்கித் திருப்பினார். எளியோரை நோக்கிய அங்கதத்தையும் வலியோரை நோக்கிய அங்கதத்தையும் ஒரு நிறையாக மதிப்பிடல் ஆகாது.

ஆயினும் ஒரு கலைஞரை அவருடைய முதற்பாடல் கொண்டே அளத்தலும் முறையன்று. 2019இல் ஆதி தமிழ் எழுத்தின் தொன்மை பற்றித் 'தமிழி' என்னும் ஆவணத் தொடரைத் தயாரித்து இணையத்தில் வெளியிட்டார். 'தமிழி' என்னும் பெயர் சமவாயாங்க சூத்திரம் என்னும் சமண நூலின் எழுத்துப் பட்டியலில் காணப்படும் பெயரை ஒட்டியது. ஐராவதம் மகாதேவன் முதலியோர் 'தமிழ்-பிராமி' என்றே வழங்கினர். அறிஞர் கூட்டத்தில் மட்டும் நிகழ்ந்து வந்த இவ்வுரையாடலைப் பல்லாயிரம் இளைஞர் காதில் விழச் செய்தது ஒரு சொல்லிசைக் கலைஞரின் முயற்சி. தமிழைப் பிறரைப் பழிக்கும் கோலாகக் கொண்டு தொடங்கியவர் பின்னர் அதனைக் கற்கும் பொருளாகக் கொண்டார். இவ்வளர்ச்சி பாராட்டத்தக்கது.

செய்யத்தக்கது

இப்பாடல்களுள் மிகப் பலவற்றிற்கு அச்சிட்ட மூலம் இல்லை. இணையத்தில் உலவும் எழுத்து வடிவங்களில் சொற்பிழையும் அடிப்பிரிப்புப் பிழையும் மலிந்துள்ளன. மேடையில் பாடுவது ஒன்று, பதிவில் உள்ளது ஒன்று என்னும் பாடவேறுபாடுகளும் உண்டு. ஏட்டுச்சுவடி செல்லுக்கு இரையானமை குறித்து வருந்தும் நாம், கண்முன் தோன்றும் பாட்டை எழுதிவைக்காது விடுதல் தகுமோ? கேட்டு எழுதுதல், பாடம் ஒப்பிடுதல், சீர் பிரித்தல், தொடை காணல் ஆகியவற்றில் தமிழ்த் துறை மாணவர் பெறும் பயிற்சி இப்பணிக்கு முற்றும் பொருந்துவது.

அம்மாணவர் கொணர்ந்த தாள் எம் காரிகைப் பதிப்பினுள் இன்றும் உள்ளது. அதில் அவர் இட்ட அடிக்கோடுகள் பெரும்பாலும் சரியானவை. இரண்டிடங்களில் மட்டும் மோனையைக் காணத் தவறினார். அவரை மீண்டும் அழைத்து, அவ்விரண்டையும் காட்டி, இப்பொருளிலேயே ஆய்வேட்டை எழுதுமாறு கூறியுள்ளோம்.