பசு ஏன் கம்பியை விழுங்குகிறது?

2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். பால் குறைந்துபோயிருந்தது. வலி தாளாமல் பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேர அறுவை சிகிச்சையில் மருத்துவர்கள் 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். கூடவே திருகாணிகளும் நாணயமும் கிடைத்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து அப்போது பத்தாவது மாதம்.

52 கிலோ ஒரே நாளில் சேர்ந்துவிடாது. அது சேர்ந்துகொண்டிருந்த நாளெல்லாம் அந்த மாடு மேய்ந்தது, அசை போட்டது, பாலும் கொடுத்தது. இது எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள, பசுவின் வாயையும் வயிற்றையும் பார்க்க வேண்டும்.

பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி இழுத்து, கீழ்ப்பற்களால் அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். நன்றாக மெல்லும் வேலையெல்லாம் பிறகு, நிழலில் படுத்து அசை போடும்போதுதான். ஆடு அப்படியில்லை, உதட்டால் இலை இலையாகப் பொறுக்கித் தின்னும். அதனால்தான் ஆட்டின் வயிற்றில் கம்பி குத்துவது அபூர்வம். பசுவின் நாக்கிலுள்ள சிறு முட்களோ தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. வைக்கோலோடு ஓர் ஆணி வாய்க்குள் போய்விட்டால் அது உள்ளே நகருமே தவிர வெளியே வராது.

வயிற்றில் நான்கு அறைகள். முதலாவதான அசையூண் வயிறு, இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இட்லி மாவு புளிப்பதுபோல இங்கே நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. பாலிதீனிடம் அந்த நுண்ணுயிர்களின் திறமை செல்லாது. மூன்றாவது அறைக்குப் போகும் துளையில் நன்றாக அரைபட்ட தீவனம்தான் நுழையும், பை நுழையாது. பை மேல் பையாகச் சேர்ந்து, முறுக்கேறிக் கயிறாகி, உருண்டையாகித் தங்கிவிடும். தீவனத்துக்கான இடம் சுருங்கும். பசி மந்தமாகும், அடிக்கடி வயிறு உப்பும், சாணம் குறையும், மாடு இளைக்கும்.

இரும்பு போகும் வழி வேறு. கனமான பொருள் இரண்டாவது அறையான தேன்கூட்டு வயிற்றில் போய் விழும். அதன் உட்சுவர் முழுவதும் சிறு சிறு கட்டங்கள். ஆணியோ கம்பியோ அவற்றில் சிக்கிக்கொள்ளும். இந்த அறை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒருமுறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பியின் முனை சுவரை அழுத்தும். சுவருக்கு முன்னால் உதரவிதானம் இருக்கிறது. அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டரில் இதயம். சினை முற்றும்போது கருப்பை பின்னாலிருந்து தள்ளுகிறது. கன்று ஈனும்போது மாடு முக்குகிறது. அதுவரை சும்மா கிடந்த கம்பி துளைத்துக்கொண்டு முன்னேறுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளைச் சுற்றி மாடு வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். பழைய இரும்பு ஏற்றிய லாரி போகும் சாலையோரத்திலேயே மாடும் மேய்கிறது. கட்டுக்கம்பித் துண்டு, வெல்டிங் ராடின் மிச்சம், டயரை எரித்தபின் கிடக்கும் மெல்லிய கம்பி எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். இவற்றில் டயர் கம்பி மிகவும் ஆபத்தானது. மெல்லியது, கூரானது, எளிதில் கண்ணில் படாது.

திடீரென்று பால் பாதியாகக் குறைவதுதான் முதல் அறிகுறி. முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை அகட்டி நிற்கும். படுக்கத் தயங்கும், சரிவில் இறங்கும்போது முனகும். கழுத்து நரம்பு புடைத்து, தாடைக்கடியிலும் நெஞ்சுப் பக்கத்திலும் நீர் கோத்துவிட்டால் கம்பி இதயத்தைத் தொட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டும். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. அதற்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும், அல்லது 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் மருத்துவ வண்டியை வரவழைக்க வேண்டும். வயிறு சரியில்லை என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

மருத்துவர் முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். நலமான மாடு முதுகைத் தாழ்த்தும், வலியுள்ள மாடு தாழ்த்தாது. பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன். சிகிச்சைகளில் எளிமையானது காந்தம். விரல் நீளமுள்ள உருளைக் காந்தத்தை மாட்டை விழுங்க வைப்பார்கள். அது தேன்கூட்டு வயிற்றிலேயே தங்கி, ஆணிகளைத் தன்மேல் ஒட்டவைத்துக் கொள்ளும். பல நாடுகளில் பண்ணை மாடுகளுக்கு நோய் வருமுன்பே இதைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் செம்பும் அலுமினியமும் பாலிதீனும் காந்தத்துக்கு மசியாது. அவற்றுக்கு அறுவைதான் வழி. மாட்டை நிற்க வைத்தபடியே இடப்பக்க விலாவை மரத்துப்போகச் செய்து, வயிற்றைத் திறந்து கையால் அள்ளி எடுப்பார்கள்.

இதில் பால் குடிப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அறுவைக்குப் பின் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். கடைசி ஊசிக்குப் பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருத்துவரைக் கேட்டு அந்த நாள்வரை பாலைக் கொட்டிவிட வேண்டும். உறை ஊற்றியும் தயிர் சரியாகத் தோயாததற்கு இந்த மருந்தின் எச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈயம் இன்னும் மோசம். உடைந்த பழைய பேட்டரியை மாடு நக்கினால் பார்வை மங்கும், பல்லைக் கடிக்கும், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஈயம் பாலிலும் இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும். ஈயம் போகாது, பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளும் போகாது.

மாட்டின் வாய்க்குத் தேர்ந்து தின்னத் தெரியாது என்பதால் அந்த வேலை நம்முடையது. மிச்சச் சோற்றைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு எறிந்தால், முடிச்சைப் பிரிக்க மாட்டுக்குக் கை இல்லை. சோற்றோடு பையும் உள்ளே போகும். பையில்லாமல் கொடுத்தாலும் அளவு வேண்டும். பொங்கலன்று அன்பாகக் குவித்த பொங்கலே வயிற்றில் அமிலத்தைப் பெருக்கி மாட்டைச் சாய்த்துவிடும். துணி, எலும்பு, காகிதம் என்று கண்டதை மெல்லும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் போன்ற தாதுச்சத்துக் குறைபாடு இருக்கலாம். மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவையைத் தீவனத்தோடு கொடுத்தால் அந்தப் பழக்கம் குறையும்.

மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், மடியைத் தடவிப் பார்க்கிறார்கள், சுழியும் பார்க்கிறார்கள். இதுவரை அது எங்கே மேய்ந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதன் வயிற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.