நைனாவுக்கு வெள்ளைக் களி!

'உருளைக்கிழங்கு மசிக்கிறதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் முணுமுணுத்திருப்பேன்.

எங்க ஊர் ஜவளகிரி. தேன்கனிக்கோட்டை தாலுகாவில், கர்நாடக எல்லையை ஒட்டின காட்டோர ஊர். இந்தப் பக்கத்துச் சந்தையில் ஒரே கிழங்கைத் தமிழில் உருளை என்றும், கன்னடத்தில் ஆலுகட்டெ என்றும், தெலுங்கில் உர்லகட்ட என்றும் கேட்கலாம். எந்த பாஷையில் கேட்டாலும் விலை மட்டும் குறையாது!

ஆனால் எங்களுக்குச் சாப்பாடு என்றால் ராகிக் களிதான். அதிலும் எங்க நைனாவுக்கு! வயசு எண்பதைத் தாண்டியாச்சு. வாலிபத்தில், ராகி கதிர் பிடிக்கிற மாசங்களில் பரண்மேல் உட்கார்ந்து காவல் இருந்தவர். பன்னேர்கட்டா பக்கமிருந்து எங்க காட்டுக்குள் இறங்கும் யானைகளை ராத்திரி முழுக்கத் தகரம் தட்டி விரட்டிவிட்டு, காலையில் ரெண்டு உருண்டை களியை அப்படியே உள்ளே தள்ளுவார். களியை மென்று தின்றால் 'பட்டணத்துக்காரன்' என்று சிரிக்கிற ஊர் இது. விழுங்கணும்!

அந்த விழுங்குகிற வேலையிலேதான் கை வைத்தது விதி. போன வருஷம் நைனாவுக்கு ஸ்ட்ரோக். உயிர் தப்பியது, வலது கை கொஞ்சம் தேறியது. தொண்டை மட்டும் பழைய மாதிரி இல்லை. எதைக் கொடுத்தாலும் புரையேறியது. டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். "களி கூடவே கூடாது. கட்டியில்லாம மசிச்சதைத்தான் தரணும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா நிமோனியாவில கொண்டு போய் விட்டுடும்."

சரியாக அந்தச் சமயம் பார்த்து என் மனைவி, மகள் பிரசவத்துக்குப் பெங்களூருக்குப் போயிருந்தாள். வீட்டில் நைனாவும் நானும். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டினவன். மைக்ரான் கணக்கில் அளவு பார்த்த கைக்குக் கிழங்கு மசிப்பது ஒரு வேலையா?

குக்கரில் ஐந்து விசில். கிழங்கை மிக்ஸியில் போட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்து ஊற்றினேன். இரண்டு நிமிஷம் ஓட விட்டேன். வந்தது பாருங்கள்... சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசை! ஒரு ஸ்பூன் ஊட்டினேன். அது நைனாவின் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரும ஆரம்பித்தார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த அரை நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை.

அதன்பிறகு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார். நான்கு நாள் கஞ்சித் தண்ணீர் மாதிரி கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் இருமல், முகச்சுளிப்பு. குழறலாக ஒரு வார்த்தை சொன்னார்: "சப்புனு கெடக்குடா." வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒட்டினாலும் ஆபத்து, நீர்த்துப் போனாலும் ஆபத்து சார். ஸ்பூன்ல எடுத்தா உருவம் நிக்கணும். சாய்ச்சா ஒட்டாம மொத்தமா வழுக்கி விழணும். அதான் டெஸ்ட்."

ஆஹா, இது நமக்குத் தெரிந்த பாஷை ஆச்சே! குவாலிடி இன்ஸ்பெக்‌ஷன்! அன்றைக்கே கிழங்கைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். கிழங்குக்குள் இருக்கிற கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளில் மாவுச்சத்து அடைந்து கிடக்கிறது. 60 டிகிரி சூட்டைத் தாண்டினால் அது தண்ணீரைக் குடித்து உப்பும். பக்குவமாக அமுக்கினால் அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பூப்போல மசியல்! மிக்ஸி பிளேடு சுழன்றாலோ அறைகள் கிழிந்து மாவுச்சத்து வெளியே வழியும். பசை! களிக்குக் கிண்டக் கிண்டப் பெருமை. கிழங்குக்குக் கிண்டாமல் இருந்தால்தான் பெருமை. நான் களிக்கட்டை புத்தியில் கிழங்கைப் பார்த்ததுதான் தப்பு.

கிழங்கிலும் ஜாதி உண்டு. மசியலுக்கு மாவுக்கிழங்குதான் லாயக்கு. கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி: ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து, கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக்கிழங்கு. மிதந்தால் குருமாவுக்கு அனுப்புங்கள். பச்சை பூத்த கிழங்கை எதற்குமே சேர்க்காதீர்கள்.

இனி செய்முறை. பேப்பர், பென்சில் ரெடியா?

அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி ஒரே அளவுத் துண்டுகளாக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும். கூடவே ஆறு பல் பூண்டு, கொஞ்சமாக உப்பு. பூண்டு வெந்தால் காரம் போய் இனிப்பாகிவிடும். சுமார் 20 நிமிஷத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். தண்ணீரை ஒட்ட வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு நிமிஷம் ஈரம் போக வைத்திருங்கள்.

மசிக்க மிக்ஸி வேண்டாம், மத்தும் வேண்டாம். பரணில் தூங்குகிற இடியாப்ப அச்சை எடுங்கள்! லேத்காரன் கண்ணுக்கு அது சாட்சாத் 'டை'. சூடு ஆறுமுன் கிழங்கையும் பூண்டையும் போட்டு ஒரே அமுக்கு. நூல் நூலாக இறங்கும், கட்டி என்ற பேச்சே கிடையாது.

வாசனைக்கு இரண்டு ஸ்பூன் நெய்யில் சீரகம், கறிவேப்பிலை, கீறின பச்சை மிளகாய் ஒன்று, துளி பெருங்காயம். நைனாவுக்குச் சீரகமும் இலையும் தொண்டையில் மாட்டும் என்பதால், பொரிந்ததும் நெய்யை வடிகட்டிவிடுவேன். சக்கை வெளியே, வாசனை உள்ளே! நெய்யை முதலில் ஊற்றி, பிறகு அரை டம்ளர் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கரண்டியால் மென்மையாகப் புரட்டினால் போதும். உங்கள் வீட்டில் விழுங்கச் சிரமப்படாதவர்களுக்கு வடிகட்ட வேண்டியதில்லை. கடுகும் வெங்காயமும்கூடத் தாளிக்கலாம்.

பாரீஸில் ஜோயல் ரொபுஷோன் என்று ஒரு சமையல் மேதை இருந்தார், 2018-ல் காலமானார். அவர் உலகப் புகழ் பெற்றதே உருளைக்கிழங்கு மசியலால்தான். அவர் கணக்கில் ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய்! எங்க டாக்டர் காதில் விழுந்தால் எனக்கும் சேர்த்து பி.பி. பார்ப்பார். நமக்கு இரண்டு ஸ்பூன் நெய்யே போதும் சாமி.

ஸ்பூனைச் சாய்த்தேன். மொத்தமாக வழுக்கி விழுந்தது. டெஸ்ட் பாஸ்! நைனாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். தாளித்த வாசனைக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பழைய பயம்.

"நைனா, ஒரு வாய்... வேணாம்னா விட்டுடறேன்."

சந்தேகமாகத் திறந்தார். அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பவும் வாயைத் திறந்தார்.

அன்றைக்குக் கிண்ணம் காலி. அரை மணி நேரம் படுக்க விடாமல் உட்கார வைத்திருந்தேன். தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"என்னாடா இது?"

"உர்லகட்ட நைனா."

தலையை ஆட்டி மறுத்தார். "இல்லடா... வெள்ளக் களி."

பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு பருப்பு, பூசணி, கீரை என்று ஒவ்வொன்றாக அச்சில் ஏறியது. மூன்று மாசத்தில் வேட்டி இடுப்பில் நின்றது. மெத்தென்று இருக்கிற சாப்பாடு சப்பென்றும் இருக்கணும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வயசானவர்கள் 'பசியில்லை' என்று சொல்கிறபோது ஒரு தடவை அந்தக் கிண்ணத்தை நாமும் ருசி பார்த்துவிடுவது நல்லது.

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பிய என் மனைவி, வந்ததும் சமையலறைக்குள் நுழைந்து கேட்ட முதல் கேள்வி:

"என்னங்க, என் இடியாப்ப அச்சு எங்க?"